நெய்தலின் மெட்டு எங்கே?

2025 மார்ச் 8 அன்று இலண்டன் நகரில், ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனியை அரங்கேற்றியது. அதைத் தொடர்ந்த வாரங்களில் தமிழ் இதழ்களிலும் மேடைகளிலும் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப ஒலித்தது. நம் நாட்டுப்புற இசை சிம்பொனி அளவுக்கு உயர்ந்துவிட்டது என்பதே அது. இளையராஜாவின் சாதனையில் நமக்கு ஐயமில்லை. பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்ட ஒருவர் எண்பது வயதைக் கடந்த பின் ஒரு முழுச் சிம்பொனியை எழுதி மேடையேற்றுவது எந்த மொழியினரும் பெருமை கொள்ளத்தக்க செயல். நமக்கு இடறுவது 'உயர்ந்துவிட்டது' என்னும் சொல். நாட்டுப்புற இசை கீழே ஏதோ ஓர் இடத்தில் கிடந்தது போலவும், பல்லியம் வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டது போலவும் ஒரு படத்தை அது வரைகிறது. அந்தப் படம் தவறானது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதை நம்பிக்கொண்டிருப்பதால் நாம் செய்யாமல் விட்டிருக்கும் வேலை ஒன்று உண்டு. இக்கட்டுரையின் கவலை அதைப் பற்றியது.

மில்லர்புரத்தில் அமர்ந்து இதை எழுதும்போது காதில் விழுவது துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் ஓசைதான். கடல் சற்றுத் தள்ளி இருக்கிறது. ஆயினும் இது நெய்தல் நிலம். முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கரை. இந்த நிலத்திலிருந்து ஒரு பல்லிய இசை எழுந்திருக்கிறதா என்று யாரேனும் கேட்டால் என்ன விடை சொல்வோம்?

வேடிக்கையான விடை ஒன்று உண்டு. 1863 செப்டம்பரில் பாரிசில் அரங்கேறிய 'முத்துக்குளிப்போர்' என்ற ஓபரா. இயற்றியவர் ழார்ழ் பிஸே. அப்போது அவருக்கு 24 வயது. கதை நடக்கும் இடம் இலங்கைக் கரை. நமக்கு நேர் எதிரே, மன்னார் வளைகுடாவின் மறு ஓரம். தொடக்கத்தில் கதைக்களம் மெக்சிகோவாக இருந்ததாம். பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள். மெக்சிகோவை எடுத்துவிட்டு இலங்கையை வைக்க முடிந்ததென்றால், இரண்டில் எதன் ஓசையும் அந்த இசைக்குள் இல்லை என்றுதானே பொருள்? அதில் வரும் ஆண்குரல் இருவர் பாடல் உலகின் மிக இனிய மெட்டுகளுள் ஒன்று. அதை மறுப்பவர் செவியற்றவர். ஆனால் அது பாரிசின் மெட்டு. பிரம்மாவை வேண்டிக்கொண்டு முத்துக் குளிக்கும் அந்த மாந்தர், இக்கரையில் பதினாறாம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கம் தழுவிவிட்ட பரதவரை அறியார்.

அந்த ஓபராவில் லெய்லா என்னும் கன்னிப் பூசாரிணி பாறை மேல் நின்று பாடுகிறாள். அவள் பாட்டு குளிப்போரைக் காக்கும் என்பது நம்பிக்கை. எழுதியவர்கள் அறிந்து எழுதினார்களோ, அறியாமல் எழுதினார்களோ, அதற்கு நிகரான ஒருவர் இங்கே உண்மையாகவே இருந்தார். கடல்கட்டி என்று அவருக்குப் பெயர். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் அறிந்தவர் என்று கருதப்பட்டவர். முத்துக்குளிப்பு நடக்கும் நாட்களில் அவர் இல்லாமல் குளிப்பவர்கள் நீரில் இறங்க மறுத்ததால், ஆங்கிலேய அரசே அவரை அமர்த்த வேண்டியிருந்தது. அவர் என்ன ஓதினார், எந்தச் சுரத்தில் ஓதினார்? பாரிசுக்குத் தெரியாதது இருக்கட்டும். தூத்துக்குடிக்கே தெரியாது.

நிலம் இசைக்குள் எப்படி நுழைகிறது என்பதுதான் அடிப்படையான கேள்வி. காட்சி வழியாக நுழைகிறது என்று பொதுவாக எண்ணுகிறோம். அலை எழுந்தால் வயலின்கள் எழ வேண்டும், புயலுக்கு முரசு உருள வேண்டும். தெபூஸி 1905இல் 'கடல்' என்ற புகழ்பெற்ற படைப்பை அளித்தார். அதைக் கடலற்ற பர்கண்டிப் பகுதியில் இருந்துகொண்டு தொடங்கினார். அச்சிட்ட நூலின் அட்டையில் சப்பானிய ஓவியர் ஹொகுசாயின் அலை இருந்தது. மேதைமை மிக்க படைப்பு. என்றாலும் அது கரையில் நின்று பார்ப்பவனின் கடல். கடலில் வேலை செய்பவனுக்கு அது வேறொன்று.

அதே 1905ஆம் ஆண்டின் சனவரியில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள கிங்ஸ் லின் என்னும் துறைமுக ஊருக்கு ரால்ஃப் வாகன் வில்லியம்ஸ் சென்றார். நார்த் எண்ட் என்ற மீனவர் குடியிருப்பில் முதியவர்களைத் தேடி, பாடச் சொல்லிக் கேட்டு, கையால் சுரம் குறித்துக்கொண்டார். சில நாட்களுக்குள் 60க்கும் மேற்பட்ட பாடல்கள் கிடைத்தன. ஜேம்ஸ் கார்ட்டர் என்ற முதிய மீனவர் பாடிய ஒரு பாடல் அவரை உலுக்கிவிட்டது. கப்பல் தலைவன் ஒருவனின் கொடுமையில் மடிந்த வேலைக்காரச் சிறுவனின் கதை அது. அடுத்த ஆண்டே நிகழ்த்தப்பட்ட முதல் நார்ஃபோக் ராப்சடியின் தொடக்கத்தில், தனித்த வயோலா அந்த மெட்டை வாசிக்கும். கேட்டிராத நண்பர்கள் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். மூடுபனி விலகாத கரையொன்றின் மேல் அந்த மெட்டு தயங்கித் தயங்கி எழுவது போலிருக்கும். அந்தப் பனி நமக்குப் பழக்கமில்லாதது. மெட்டிலுள்ள துயரம் பழக்கமானதே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1945இல் பெஞ்சமின் பிரிட்டன் 'பீட்டர் கிரைம்ஸ்' ஓபராவை அரங்கேற்றினார். அவர் அதே கிழக்குக் கரையின் மீன்பிடித் துறைமுகமான லோஸ்டாஃப்டில் பிறந்தவர். அதன் நான்கு கடல் இடையிசைகள் இன்று தனியாகவே உலகெங்கும் வாசிக்கப்படுகின்றன. அந்த ஓபராவின் மையத்திலும் இறந்துபோன வேலைக்காரச் சிறுவர்களே இருக்கிறார்கள். நாற்பதாண்டு இடைவெளியில் ஒரே கரையிலிருந்து வந்த இரண்டு பெரும் படைப்புகளிலும் கடல் என்பது உழைப்பும் அதன் விலையும்தான். அழகு பிறகு வருகிறது.

சங்கம் கற்ற நமக்கு இது புதிய செய்தியன்று. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். சாவு வீட்டில் முழங்கும் பறைக்கே நெய்தல் என்று பெயரிட்டது புறநானூறு. நிலங்களுக்கெல்லாம் பண்ணும் யாழும் பறையும் வகுத்த மரபு நம்முடையது. நெய்தலுக்குச் செவ்வழிப் பண்ணும் மீன்கோட்பறையும் உரியவை என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறோம். இந்தப் பட்டியலை ஆண்டுதோறும் முதுகலை வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிறோம். மாணவர்களும் எழுதிக்கொள்கிறார்கள். மீன்கோட்பறை எப்படி ஒலித்திருக்கும் என்று ஒரு மாணவரும் கேட்பதில்லை.

இளங்கோவடிகள் கேட்டிருக்கிறார். நாட்டார் இசையையும் நிலத்தையும் பெருவடிவில் இணைத்த முதல் தமிழர் அவரே என்பது நம் துணிபு. கடற்கரைக்குக் கானல்வரி, பாலைக்கு வேட்டுவவரி, ஆயர் பாடிக்கு ஆய்ச்சியர் குரவை, மலைக்குக் குன்றக்குரவை. ஒவ்வொரு நிலத்தின் மக்களும் ஆடிப் பாடிய வடிவங்களைத் தொகுத்துத் தன் காப்பியத்தின் திருப்புமுனைகளில் நிறுத்தினார். அவற்றை ஓரத்து அலங்காரமாக அவர் வைக்கவில்லை. கானல்வரியை எடுத்துவிட்டால் கோவலன் மாதவியைப் பிரிய மாட்டான். கதை மதுரைக்கே போகாது. ஐரோப்பா இருபதாம் நூற்றாண்டில் செய்ததை நாம் அன்றே செய்துவிட்டோம் என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அடுத்து நடந்ததைச் சொல்வதற்காகவே சொல்கிறோம். கானல்வரியின் சொல் முழுமையாக நம்மிடம் இருக்கிறது. மெட்டு இல்லை. வரிப்பாடல்களின் வகைகளை உரையாசிரியர்கள் பெயர் சொல்லி விளக்குகிறார்கள்; எப்படிப் பாடுவது என்பது அவர்கள் காலத்திலேயே தேய்ந்திருக்க வேண்டும். உலக இலக்கியத்தின் மிகச் சிறந்த கடற்பாடல் தொகுதிகளுள் ஒன்றை நாம் ஊமைப்படமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அதே இழப்பு இப்போது இரண்டாம் முறை நடந்துகொண்டிருக்கிறது.

கரைவலை இழுக்கும்போதும், வள்ளம் தள்ளும்போதும், தண்டு வலிக்கும்போதும் பாடிய பாடல்களுக்கு ஊருக்கொரு பெயர் உண்டு. ஏலேலோப் பாட்டு என்பார்கள். ஈழத்தில் அம்பா என்பது பெருவழக்கு. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் ஏற்றுப் பாடும் முறை. எடுப்பு முடியும் இடத்தில் இழுவை விழும். கை மாற்றிப் பிடிக்கும் நேரம் ஒரு மௌனம். வலையில் பாடு நிறைந்திருந்தால் பாட்டு மெதுவாகும், வெறுவலை என்றால் ஓடும். தாளத்தை நிர்ணயிப்பது மீனின் எடை! எந்தத் தாள சாத்திரத்திலும் இந்த இலக்கணம் எழுதப்படவில்லை. இயந்திரப் படகும் வெளிப்பொருத்து மோட்டாரும் வந்தபின் தண்டு வலிக்கும் பாட்டுக்கு வேலை போய்விட்டது. முத்துக்குளிப்போ இங்கே 1961க்குப் பின் நடக்கவேயில்லை. தொல்லாயிரம் பார் போன்ற சிப்பிப் பார்கள் கடலடியில் இருக்கின்றன. கல்லைக் காலில் மாட்டிப் பத்துப் பாகத்துக்கும் மேல் இறங்கியவர்களின் தலைமுறை ஏறத்தாழ முடிந்துவிட்டது. இயந்திரம் வந்ததை நாம் பழிக்கவில்லை. தண்டு வலித்துத் தோள் புண்ணானவர்களிடம் போய்ப் பாட்டு அழிந்துவிட்டதே என்று புலம்புவது மேட்டிமை. உழைப்பு குறைந்தது நல்லது. ஆனால் மெட்டும் அதோடு போகவேண்டும் என்று விதி ஏதுமில்லை. கிங்ஸ் லின்னின் பாய்க்கப்பல்களும் போய்விட்டன. கார்ட்டரின் மெட்டு இருக்கிறது.

தமிழில் நாட்டுப்பாடல் தொகுப்பே நடக்கவில்லையா என்று வாசகர் கேட்கலாம். நடந்தது, அதுவும் பெருமைப்படத்தக்க அளவில். நமக்கு மிக அருகில், பாளையங்கோட்டையிலிருந்து பேராசிரியர் நா. வானமாமலை செய்த பணி ஒரு தனி மனித இயக்கம். 1964இல் வெளிவந்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' இன்றும் நம் மேசையில் இருக்கும் நூல். ஆயினும் அவரும் அவர் வழி வந்தோரும் பாடலைச் சமூக வரலாற்றின் சான்றாகவே முதன்மையாகக் கண்டனர். சாதி, பஞ்சம், நிலவுடைமை, கதைப்பாடல் வீரர்கள் ஆகியவற்றைத் தேடிய கண் அது. அந்தத் தேட்டத்துக்குச் சொல் போதும். எனவே தமிழில் அச்சான தொகுப்புகளில் பெரும்பாலானவை சொற்களின் தொகுப்புகள். சுரக்குறிப்பு உள்ளவற்றை விரல்விட்டு எண்ணலாம். தமிழ்த்துறைகள் நாட்டார் வழக்காற்றியலைத் தத்தெடுத்தன. இசைத்துறைகள் அதைத் தீண்டவில்லை. இந்தப் பிரிவினையின் விலையை இன்று கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அங்கேரியில் நேர்ந்தது இதற்கு எதிரானது. பேலா பார்டோக்கும் சோல்டான் கொடாயும் 1905, 1906 ஆண்டுகளிலேயே ஃபோனோகிராஃப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உழவர் குடிசைகளுக்குப் போனார்கள். இருவரும் இசையமைப்பாளர்கள், எனவே அவர்களுக்கு மெட்டுதான் உயிர். பல ஆயிரம் மெட்டுகளைக் கேட்டு, எழுதி, வகைப்படுத்திய பிறகே பார்டோக்கின் பெரும் பல்லியப் படைப்புகள் வந்தன. உழவர் இசையைக் கையாள மூன்று வழிகள் உண்டு என்று பின்னாளில் அவர் விளக்கினார். மெட்டை அப்படியே எடுத்துப் பின்னணி சேர்ப்பது முதல் வழி. அதன் சாயலில் தானே ஒரு மெட்டுக் கட்டுவது இரண்டாவது. மூன்றாவது, மெட்டும் இல்லாமல் சாயலும் இல்லாமல், அந்த இசையைத் தாய்மொழி போலப் பேசுவது. இந்த மூன்றாவது நிலைக்குக் குறுக்குவழி இல்லை.

இளையராஜாவின் அருமை இங்கேதான் விளங்குகிறது. தொகுப்பாளர் ஆகாமலேயே மூன்றாவது நிலையை எட்டியவர் அவர். ஏனெனில் அந்த இசை உண்மையிலேயே அவருடைய தாய்மொழி. அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்ற சிறுவன், பின்னர் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையைக் கற்றார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது தமிழகம் அதிர்ந்தது, வயற்காட்டுக் குரலும் வயலின் கூட்டமும் ஒரே மொழியைப் பேசியதால். 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கியவர், பண்ணைப்புரத்துக்குத் தனியே காணிக்கை செலுத்தத் தேவையிருக்கவில்லை. அது அவர் மூச்சில் இருந்தது.

ஆனால் பண்ணைப்புரம் மேற்கு மலையடிவாரம். குறிஞ்சியும் முல்லையும் புன்செயும் சேர்ந்த நிலம். அவருடைய நாட்டார் மொழி அந்த மண்ணின் மொழி. 'அலைகள் ஓய்வதில்லை', 'கடலோரக் கவிதைகள்' ஆகியவற்றில் கடல் வருகிறது, முட்டத்துப் பாறைகள் வருகின்றன, பின்னணியிசை நம்மை உருக்குகிறது. எனினும் அவை கடலின் முன் நிகழும் காதல்கள். தெபூஸியைப் போலக் கரையில் நின்று பார்க்கும் இசை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒருவரிடமே ஐந்திணையையும் எதிர்பார்ப்பது நம் சோம்பலைத்தான் காட்டும். மலையாளத்தில் 1965இன் 'செம்மீன்' படத்துக்கு இசையமைத்த சலில் சௌத்ரி வங்காளி. அவரும் வெளியிலிருந்து வந்து கேட்டவர், நன்றாகவே கேட்டவர். நெய்தலுக்குள் பிறந்து பல்லியம் எழுதிய ஒருவர் இதுவரை வரவில்லை என்பதே நாம் சொல்ல வருவது.

இலக்கியத்தில் அந்தக் குறை தீர்ந்துவிட்டது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இலேயே வந்தது. 2004இல் ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' வந்தபோது, கட்டுமரத்தில் போனவனின் மொழியே உரைநடையாகக் கரையேறியது. 'கொற்கை' 2009இல் வந்து 2013இல் சாகித்திய அகாதமி விருதும் பெற்றது. சொல்லில் நெய்தல் தன் குரலை மீட்டுக்கொண்டது. இசையில் அது இன்னும் அந்த வேடிக்கையான பாரிஸ் ஓபராவிலேயே நிற்கிறது.

நம் மாணவர்கள் சிலர் ஆய்வேட்டுக்காகக் கடற்கரை ஊர்களுக்குச் சென்றுவந்த அனுபவம் ஒன்று. எண்பதை நெருங்கிய ஒரு பெரியவர் நாற்காலியில் அமர்ந்து பாடிக் காட்ட முயன்றார். இரண்டடிக்கு மேல் வரவில்லை. மறந்துபோச்சு மக்கா என்று சொல்லிவிட்டார். திரும்பும் வேளையில் மாணவர்களில் ஒருவன் (மீனவர் வீட்டுப் பிள்ளை) கொடியில் கிடந்த கயிற்றை எடுத்து ஒரு முனையைத் தென்னையில் கட்டி, மறுமுனையை அவர் கையில் கொடுத்து, 'இழுங்க தாத்தா' என்றிருக்கிறான். கயிறு இறுகியதும் பாட்டு வந்தது. அரைமணி நேரத்துக்கு மேல் வந்தது. அவர் மறந்தது எதையும் இல்லை. உட்கார்ந்து பாடும் பாட்டாக அது ஒருநாளும் இருந்ததில்லை, அவ்வளவே. அன்று பதிவானது ஒரு கைப்பேசியில். தேங்காய்க் கீற்றின் இரைச்சலும் கோழியின் கொக்கரிப்பும் சேர்ந்தே இருக்கின்றன. அதைக் கேட்டுச் சுரப்படுத்த முயன்ற இசை அறிந்த நண்பர், மௌனங்களின் நீளத்தை எப்படிக் குறிப்பது என்று தெரியாமல் மூன்று முறை அழித்து எழுதினார்.

நிறுவனங்களைப் பார்த்துக் கோரிக்கை வைப்பது நம்மவர் வழக்கம். இசைப் பல்கலைக்கழகம் செய்ய வேண்டும், வானொலி செய்ய வேண்டும் என்று நாமும் எழுதலாம். செய்தால் மகிழ்ச்சி. ஆனால் இந்தக் கரைக்கு வேறெங்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. கடற்கரை ஊர்களில் கோயில் இருக்கிறது, கோயிலில் பாடகர் குழு இருக்கிறது, விசைப்பலகை வாசிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர்களும், நான்கு குரல் ஒத்திசையில் பாடிப் பழகியவர்களும் அவர்களிடையே உண்டு. பனிமய மாதா திருவிழாவின்போது பேண்டு வாத்தியக் குழுக்கள் வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு இக்கரையின் ஊதுகருவித் திறம் தெரியும். பெரிய வெள்ளியன்று வியாகுலப் பிரசங்கத்தின் இழுவையில் வளர்ந்த செவிகள் இவை. பார்டோக் குடிசைக்கும் இசைக் கல்லூரிக்கும் இடையே நூற்றுக்கணக்கான கல் தொலைவு அலைய வேண்டியிருந்தது. இங்கே பல்லியத்தின் இலக்கணமும் நெய்தலின் மெட்டும் ஒரே தெருவில் இருக்கின்றன. ஒன்றையொன்று பார்ப்பதில்லை. வலைப் பாட்டு படிக்காதவர்களின் பாட்டு என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தான். பள்ளியும் கல்லூரியும் கோயிலும் சேர்ந்து. இப்போது அதே வாயால் நாட்டுப்புற இசை சிம்பொனியாக 'உயர்ந்துவிட்டது' என்கிறோம்.

செய்யக்கூடியது எளியது. ஒலிப்பதிவு வேண்டும், அதுவும் வேலை செய்யும் நிலையில். பாடியவர் பெயரும் ஊரும், எந்த வேலைக்குரிய பாட்டு என்பதும் குறிக்கப்பட வேண்டும். வாகன் வில்லியம்ஸ் கார்ட்டரின் பெயரை எழுதி வைத்ததால்தான் நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் மில்லர்புரத்தில் இருந்துகொண்டு நாம் அவரைப் பற்றி எழுத முடிகிறது. நம் திரைப்படங்களில் நாட்டார் மெட்டு வந்தால் இசை என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். அந்த வழக்கம் இங்கே வேண்டாம். பதிவு அந்த ஊரிலேயே, அந்த ஊர்ப் பிள்ளைகளின் கையில் இருக்கட்டும். சிம்பொனி எழுதுவதா, வேறெதுவும் எழுதுவதா, ஒன்றும் எழுதாமல் அப்படியே பாடுவதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

ஞாயிறு இரண்டாம் பூசைக்கு விசைப்பலகை வாசித்துவிட்டு வெளியே வரும் ஒரு பிள்ளைக்கு, கரைவலை இழுத்த பெரியவரின் வீடு பெரும்பாலும் கோயிலுக்குப் பின்தெருதான். கையில் கொஞ்சம் கயிறு கொண்டுபோனால் நல்லது.